சிலிண்டர் லெவல் சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது, ஆடி அமாவாசைக்குள் சரியாக வேண்டும்

அக்னிதீர்த்தம்_விடுதி | செவ்வாய், காலை 6:40
ராமேஸ்வரத்தில் எங்கள் விடுதிச் சமையலறை சிலிண்டர்களுக்கு வயர்லெஸ் லெவல் சென்சார் பொருத்தியிருக்கிறோம். ஒன்று எப்போதும் பூஜ்யம் காட்டுகிறது. ஒன்று வருகிறது, போகிறது. இன்னொன்று மதியம் ஆனால் தானாக ஏறுகிறது, அதுவும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே! பேட்டரி புதியது. விற்றவர் போனை எடுப்பதில்லை. ஆடி அமாவாசைக் கூட்டம் வரப்போகிறது. அன்றைக்கு நடுப்பகலில் காஸ் தீர்ந்தால், லாரி பாலம் தாண்டி வருவதற்குள் பந்தி நேரமே முடிந்துவிடும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மண்டபம்_ஐஸ்காரர் | செவ்வாய், காலை 7:05
எந்த வகை சென்சார்? அடியில் காந்தத்தால் ஒட்டுவதா, டயலின் மேல் மாட்டுவதா, எடைத் தட்டா? சிலிண்டர் 19 கிலோவா, 47.5 கிலோவா, இல்லை புல்லட் டேங்கா? எத்தனை? இதையெல்லாம் சொல்லாமல் கேட்டால் எப்படி?

சிக்னல்_பிரியர் | செவ்வாய், காலை 7:21
இது ரேடியோ பிரச்சினைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. நம் நாட்டில் இத்தகைய சிறு கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசைகளில் முக்கியமானது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது 915இல் பேசும். கப்பலில் வேலை செய்யும் யாராவது வாங்கிவந்த சென்சாரை இங்கே விற்ற ரிசீவரோடு இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே கேட்காது. புளூடூத் என்றால் வேறு கதை. பத்து மீட்டர், நடுவில் ஒரு கான்கிரீட் சுவர் இருந்தால் அதிலும் பாதி. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏர்வாடி_பந்தி | செவ்வாய், காலை 7:30
இத்தனை சிரமம் எதற்கு? ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். முள் இறங்கினால் காஸ் தீர்கிறது என்று பொருள். நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

மூத்த_கருவியாளர் | செவ்வாய், காலை 7:48
இந்த இடத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன், யாரும் படிப்பதில்லை. சிலிண்டருக்குள் ஒரு குவளை திரவம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய முழு சிலிண்டரில் இருப்பதுதான். அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. முள் இறங்கும்போது திரவம் அநேகமாகத் தீர்ந்திருக்கும், ஆவி மட்டும்தான் மிச்சம். அடிப்படை தெரியாமல் பந்திக்காரருக்கு யோசனை சொல்ல வேண்டாம். கேள்வி கேட்டவரும் முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும்.

ஏர்வாடி_பந்தி | செவ்வாய், காலை 7:55
ஐயா, வருடக்கணக்காக ஆயிரம் பேருக்குச் சமைக்கிறோம். மரியாதையாகப் பேசலாம்.

அக்னிதீர்த்தம்_விடுதி | செவ்வாய், காலை 10:15
47.5 கிலோ. நாலு நாலாக எட்டு. காந்தம். புளூடூத், போனில் பார்ப்பது. உரிமம் எல்லாம் உண்டு. மதிய வேலை, பிறகு வருகிறேன்.

மண்டபம்_ஐஸ்காரர் | செவ்வாய், காலை 10:40
காந்த வகை என்றால் அது கீழேயிருந்து ஒலி அனுப்பி, திரவத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. இரும்புக்கும் சென்சாருக்கும் இடையில் மயிரிழை அளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான் பசை தடவுகிறார்கள். நம் கடற்கரையில் என்ன ஆகிறது? கச்சான் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து சிலிண்டரின் அடி வளையத்துக்குள் நிரப்புகிறது. பெயின்ட் கொப்புளித்து, அதன் கீழே துரு செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். எங்கள் ஐஸ் ஆலையில் புதுத் தகடே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. 'வருகிறது, போகிறது' என்கிறீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும். வால்வை மூடி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். சிலிண்டர் கம்பெனியுடையது.

தொண்டி_அடுப்பங்கரை | செவ்வாய், பகல் 12:10
தம்பி, அமாவாசைவரை உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நான் கல்யாணச் சமையலுக்குப் போகிறவள். விடியற்காலையில் ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடையுங்கள். காஸ் இல்லாத மேல்பகுதி சட்டென்று காய்ந்துவிடும். திரவம் உள்ள இடம் ஈரமாகவே நிற்கும். கோடு தெளிவாகத் தெரியும். அடுப்பு பெரிதாக எரியும்போது துணிகூட வேண்டாம். சிலிண்டரே வியர்க்கும், வியர்வை எங்கே முடிகிறதோ அதுவரை காஸ் இருக்கிறது.

சிக்னல்_பிரியர் | செவ்வாய், பகல் 12:32
அக்கா, எட்டு சிலிண்டரையும் யார் துடைத்துக்கொண்டிருப்பது? அதற்குத்தானே சென்சார் வாங்கியிருக்கிறார்? ஆடிக் காற்றில் துணி போட்ட கையோடு மொத்தமும் காய்ந்துவிடும்.

தொண்டி_அடுப்பங்கரை | செவ்வாய், பகல் 12:50
அதனால்தான் விடியற்காலை என்று எழுதினேன். காற்று அடங்கியிருக்கும், இரும்பும் சூடேறியிருக்காது. உங்கள் சென்சார் பூஜ்யம் காட்டும் நாளில் என் துணி வேலை செய்யும்.

மூத்த_கருவியாளர் | செவ்வாய், மாலை 4:05
துணி முறையில் இயற்பியல் சரி, துல்லியம் கிடையாது. தொழில்முறைச் சமையலறைக்கு எடைதான் வழி. சிலிண்டரின் மேல் வளையத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். எடைத் தட்டில் நிறுத்திக் கழித்தால் காஸ் எத்தனை கிலோ என்று தெரிந்துபோகும். உப்புக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லோடு செல் (தட்டில் எடையை உணரும் பாகம்), தண்ணீர் புகாத வகை வாங்க வேண்டும். ஒலி சென்சார் வாங்கியதே வீண் செலவு.

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | செவ்வாய், இரவு 8:20
விடுதிக்காரரே, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தொண்டிச் சகோதரி சொன்னதுபோல, மதியம் எல்லா அடுப்பும் எரியும்போது உங்கள் சிலிண்டர்கள் வியர்க்கின்றனவா? தொட்டால் குளிர்கிறதா? அந்தச் சிலிண்டர் எத்தனையிலிருந்து எத்தனைக்கு ஏறுகிறது? பக்கத்துச் சிலிண்டர் அப்போது என்ன செய்கிறது? வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

வழுதூர்_வாசி | செவ்வாய், இரவு 9:02
நம் மாவட்டத்து மண்ணுக்கு அடியிலேயே எரிவாயு இருக்கிறது. வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ராமேஸ்வரத்துச் சமையலறைக்கு மட்டும் சிலிண்டர் லாரியில் வர வேண்டும். இதைக் கேட்க ஆளில்லை.

மூத்த_கருவியாளர் | செவ்வாய், இரவு 9:15
அது மீத்தேன். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இழைக்குச் சம்பந்தம் இல்லை.

வழுதூர்_வாசி | செவ்வாய், இரவு 9:20
எதுவாக இருந்தாலும் எங்கள் ஊர் வாயு எங்கள் ஊர் அடுப்புக்கு முதலில் வரவேண்டும் என்பதுதான் என் கருத்து. சமையலறைக்கு மீத்தேன் ஆகாது என்று யாரும் சொல்லவில்லையே.

அக்னிதீர்த்தம்_விடுதி | புதன், மதியம் 2:50
வியர்ப்பதில்லை, தொட்டால் சாதாரணமாக இருக்கிறது. சுவரோரம் கரண்டில் சூடாகும் ஒரு பெட்டி வழியாகத்தான் காஸ் உள்ளே போகிறது. ஏறுவது வடக்கு ஓரம், சுவர் நிழலில் இருப்பது. காலையில் 40, இரண்டு மணிக்கு 55. தெற்கே வெயிலில் நிற்பது வேகமாக இறங்குகிறது. ஏன் கேட்கிறீர்கள்?

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | புதன், மதியம் 3:30
இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தப் பெட்டி வேப்பரைசர். உங்களுடையவை ஆவியாக எடுக்கும் சிலிண்டர்கள் அல்ல, திரவமாகவே எடுக்கும் சிலிண்டர்கள். உள்ளே வால்விலிருந்து ஒரு குழாய் இறங்கி அடித்தட்டுக்குச் சற்று மேலே நிற்கும். காஸ் திரவமாக வெளியே வந்து வேப்பரைசரில்தான் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டர் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் வியர்ப்பதில்லை.

பூஜ்யம் காட்டும் சென்சாரை அடியில் நட்டநடுவில் ஒட்டியிருந்தால், அது பார்ப்பது திரவத்தின் மேற்பரப்பை அல்ல, அந்தக் குழாயின் நுனியை என்றுதான் நினைக்கிறேன். சற்று விலக்கி ஒட்டிப் பாருங்கள். ஆனால் அடி குழிந்த தட்டு. அதிகம் விலக்கினால் ஒலி சாய்ந்து போய்த் திரும்பி வராது.

ஏறுகிற சிலிண்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தச் சென்சார் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான்கு சிலிண்டர்களும் ஒரே திரவக் குழாயில் சேர்ந்திருக்கின்றன. வெயிலில் இருப்பதன் அழுத்தம் நிழலில் இருப்பதைவிட அதிகம். நான்கைந்து டிகிரி வித்தியாசமே போதும், அங்கிருந்து திரவத்தை இங்கே தள்ளிவிடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பிக்டெயிலிலும், அதாவது சிலிண்டரைப் பொதுக் குழாயோடு இணைக்கும் சிறு குழாயிலும், என்.ஆர்.வி. என்ற ஒருவழி வால்வு வைக்கிறார்கள். அது சிக்கிக்கொண்டாலோ, இல்லவே இல்லை என்றாலோ, நிழல் சிலிண்டர் நிரம்பிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் மேலே ஆவிக்கென்று இடம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் திரவம் முட்டிவிட்டால், கொஞ்சம் சூடேறினாலே அழுத்தம் எகிறிவிடும். கூட்ட நாளில் இது நடக்கக் கூடாது.

நீங்களே எதையும் கழற்ற வேண்டாம். இன்றே ஏஜென்சிக்குப் போன் செய்து, 'திரவம் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, என்.ஆர்.வி. பார்க்க வேண்டும்' என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அடுப்பை அணைத்ததும் எட்டு சிலிண்டர் வால்வுகளையும் மூடிவிடுங்கள். தெற்குப் பக்கத்துக்கு வெயில் மறைப்பும் போடுங்கள். காற்றோட்டம் தடைப்படாமல் போடுங்கள்.

மூத்த_கருவியாளர் | புதன், மாலை 4:10
தேவையில்லாத பீதி. சூடானால் திரவம் விரியும். மதியம் லெவல் ஏறுவது இயல்பு.

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | புதன், மாலை 4:35
விரியும், மறுக்கவில்லை. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய மூன்று விழுக்காடு. 40 இருந்த இடத்தில் 41, மிஞ்சினால் 42. இவருக்கு 55 காட்டுகிறது. அதுவும் நிழலில் இருக்கும் சிலிண்டரில், அடுப்பு எரியும் நேரத்தில். அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது? எடைத் தட்டு நல்லது என்று நீங்கள் எழுதியதை ஏற்கிறேன் ஐயா. தட்டு வைத்தாலும் வடக்குச் சிலிண்டரின் எடை ஏறுவதைத்தான் அது காட்டும்.

பெரியபட்டினம்_மாணவன் | புதன், மாலை 5:20
காக்கா, நல்ல விளக்கம். அப்படியென்றால் ஒரே நேரத்தில் நான்கின் அளவையும் குறித்துக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே? மொத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒன்று மட்டும் ஏறினால் இடமாற்றம்தான்.

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | புதன், மாலை 5:31
அதேதான் தம்பி. ஆனால் அவரிடம் சரியாகக் காட்டும் சென்சார் நான்கு இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மண்டபம்_ஐஸ்காரர் | புதன், மாலை 6:02
இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். நீங்கள் பேட்டரிக் கருவியை ஒட்டியிருப்பது அதே தரையோரத்தில். வெடிக்கும் வாயு உள்ள இடத்தில் பயன்படுத்தலாம் என்ற சான்று அந்தச் சென்சாருக்கு இருக்கிறதா? பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) அனுமதித்த வகையா? பார்த்துச் சொல்லுங்கள். போனையும் சிலிண்டர் கூண்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். வெளியே நின்று பாருங்கள்.

சிக்னல்_பிரியர் | புதன், மாலை 6:15
வெளியே நின்றால் கூண்டின் கம்பியும் தகடும் சிக்னலை மறைக்கும். அதனால்தான் முதலிலேயே ரேடியோ என்றேன். சுவரின் வெளிப்பக்கம், கூண்டுக்கு நேர் எதிரே, பாதுகாப்பான தூரத்தில் ஒரு ரிசீவர் வைக்கலாம்.

தொண்டி_அடுப்பங்கரை | புதன், இரவு 7:40
ஏஜென்சி வந்தார்களா தம்பி? என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கசிவு வாடை ஏதாவது வந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 1906க்கு அழையுங்கள்.

ஏர்வாடி_பந்தி | வியாழன், காலை 8:10
விடுதிக்காரரைக் காணோமே. எங்களுடையதிலும் வேப்பரைசர் இருக்கிறது. என்.ஆர்.வி. எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | வியாழன், காலை 9:00
பிக்டெயில் பொதுக் குழாயில், அதாவது மேனிஃபோல்டில், சேரும் இடத்தில் பித்தளையில் தடித்த துண்டு ஒன்று இருக்கும். அதில் அம்புக்குறி பொறித்திருக்கும். அம்பு சிலிண்டரிலிருந்து குழாயை நோக்க வேண்டும். பச்சை பூத்து அம்பே தெரியாத நிலையில் இருந்தால் ஏஜென்சியிடம் சொல்லிவிடுங்கள். வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அக்னிதீர்த்தம்_விடுதி | வெள்ளி, இரவு 10:25
மெக்கானிக் வந்தார். வடக்குப் பக்கத்தில் இரண்டு என்.ஆர்.வி. உப்பேறித் திறந்தபடியே சிக்கியிருந்தன. மாற்றிவிட்டார். இன்று மதியம் ஏறவில்லை. கிரீஸ் போட்டதும் வந்து போனது நின்றுவிட்டது. பூஜ்யம் இன்னும் பூஜ்யம்தான். எல்லோருக்கும் நன்றி, காய்கறி வந்துவிட்டது, போகிறேன்.

கீழக்கரை_பைப்ஃபிட்டர் | வெள்ளி, இரவு 10:50
அல்ஹம்துலில்லாஹ். மாற்றிய இரண்டு ஒரு பக்கம் இருக்கட்டும், மற்ற ஆறும் அதே காற்றில்தான் நிற்கின்றன. அமாவாசைக்கு முன்பே அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்டும் சிலிண்டருக்கு அதுவரை எடைத் தட்டு வையுங்கள்.