சேற்றுப்புண்: அரிப்பு நின்றதும் க்ரீமை நிறுத்தியவர்கள் சொல்லுங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பதினோரு வருஷமாக ஏலக் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை 2 மணிக்கு கம்பூட்ஸ் மாட்டினால் கழற்ற 9, 10 ஆகிவிடும். ஐஸ் உருகின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்கி விரல்கள் ஊறி வெளுத்துக் கிடக்கும். சுண்டு விரல் இடுக்கில்தான் முதலில் வந்தது. தோல் வெள்ளையாக உரிந்து, வெடித்து, அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு, தூக்கமே வராது. அம்மா மருதாணி அரைத்து வைத்துவிட்டார்கள், சிவந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, எனக்கும் வேலை இல்லை, வெறும் செருப்புதான், புண் தானாக ஆறிவிட்ட மாதிரி இருக்கும். படகு போக ஆரம்பித்து இரண்டே வாரத்தில் திரும்ப வந்துவிடும். மீன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே ரொம்ப நாள் நினைத்தேன். இது பூஞ்சை. ஈரமும் காற்றில்லாத பூட்ஸும் அது வளர வழி செய்கின்றன, அவ்வளவுதான்.

நான் செய்த பெரிய தப்பு, மருந்துக் கடையில் காலைக் காட்டி அவர்கள் கொடுத்த டியூபைப் போட்டது. மூன்றே நாளில் எரிச்சல், சிவப்பு எல்லாம் போய்விட்டது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகி, பாதத்தின் மேல்பக்கம் வட்டமாகப் படர்ந்தது. அரசு ஆஸ்பத்திரி தோல் ஓபியில் டாக்டர் அந்த டியூபைப் பார்த்ததுமே சொன்னார், ஸ்டீராய்டு கலந்தது, அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சை அடியில் நன்றாக வளரும் என்று. ஸ்டீராய்டு இல்லாத க்ளோட்ரிமசோல் 1% க்ரீமை எழுதிக் கொடுத்தார்: காலை, இரவு இரண்டு வேளை, நாலு வாரம். பத்தாம் நாளே அரிப்பு நின்றுவிடும், அப்போதுதான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

காலைக் கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாகப் பூச வேண்டும், புண்ணில் மட்டும் இல்லாமல் சுற்றி ஒரு இஞ்ச் நல்ல தோலிலும். பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். கால் துடைத்த துண்டால் உடம்பைத் துடைத்து, தொடை இடுக்கு வரை படர்ந்தவர்களை எங்கள் ஏலக்கூடத்திலேயே எனக்குத் தெரியும். இப்போது இரண்டு ஜோடி கம்பூட்ஸ் வைத்திருக்கிறேன், ஒன்று வெயிலில் காயும்போது மற்றது காலில்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்காவின் பதில்:

தம்பி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் சாக்கடை கலந்த தண்ணீர் நின்றது, அதில்தான் பால் வாங்கக்கூட நடந்தோம். வீட்டில் எல்லாருக்கும் சேற்றுப்புண். எனக்கு க்ரீமிலேயே சரியாகிவிட்டது. அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது, விரல் இடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி போய் கால் முழுக்க வீங்கிச் சிவந்து, காய்ச்சல் வந்து, ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து க்ரீமை மட்டும் பூசிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், முதலிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்:

செக்யூரிட்டி வேலை, 12 மணி நேரம் ஷூதான். எனக்கு டெர்பினாஃபைன் 1% க்ரீம் எழுதினார்கள், விரல் இடுக்குக்கு ஒரு வாரம் போதும் என்று. சரியாகிவிட்டது, அப்புறம் பழைய சாக்ஸையே போட்டதில் மறுபடி வந்தது. உள்ளங்கால் முழுக்கத் தோல் தடித்து உரிகிறவர்களுக்கு ஒரு வாரம் போதாது, சிலருக்கு மாத்திரையும் தேவைப்படுமாம். அண்ணே, நாலு வாரம் முடிந்த பிறகு உங்களுக்குத் திரும்ப வந்ததா?

காசிமேட்டிலிருந்து:

ஒரு தடவை வந்தது தம்பி, மழைக்காலத்தில். லேசாகத் தோல் வெளுத்ததுமே அதே க்ரீமை ஆரம்பித்து நாலு வாரமும் முழுசாகப் போட்டேன். இந்த ஜூனில் படகு போய் மூன்று மாசம் ஆகிறது, விரல் இடுக்கு காய்ந்தே இருக்கிறது.