பின்னுயிரியா, நலநுண்ணுடலா?

ஐயா,

'போஸ்ட்பயாட்டிக்' என்பதற்கு அகராதியில் நீங்கள் தந்த 'பின்னுயிரி'யை என்னால் ஏற்க முடியவில்லை. 'உயிரி' என்று முடிந்தால் படிப்பவர் உயிருள்ள ஒன்றைத்தான் நினைப்பார். 2021இல் வந்த வரையறை அதற்கு நேரெதிர்: உயிரற்ற நுண்ணுயிர்களோ அவற்றின் உடற்கூறுகளோ அடங்கிய, உடல்நலத்துக்குப் பயன் தரும் தயாரிப்பு. 'போஸ்ட்' இங்கே உயிர் போன பிறகு என்ற பொருளில் நிற்கிறது.

'நலநுண்ணுடல்' எனலாம். உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள 'புரோபயாட்டிக்' நலநுண்ணுயிர், உயிர் போனால் மிஞ்சுவது உடல்தானே.

'இறந்த நுண்ணுயிர்' என்பது போதாது. குடலின் சளிப்படலத்தில் வாழும் அக்கர்மான்சியா என்ற நுண்ணுயிரையே பாருங்கள். கொழுப்புணவால் பருத்த சுண்டெலிகளுக்கு, 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் அவித்துக் கொன்றதைக் கொடுத்தபோது பலனில்லை (2013). 70 பாகையில் 30 நிமிடம் மட்டும் சூடாக்கியது, உயிருள்ளதைவிட நன்றாக வேலை செய்தது (2017). அந்தச் சூட்டிலும் சிதையாத வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றுக்கு இதில் பங்குண்டு. 2019இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்படிச் சூடாக்கியதை நாளொன்றுக்கு 1,000 கோடி செல்கள் வீதம் 3 மாதம் கொடுத்தார்கள். ஆய்வை முடித்தவர்கள் மொத்தமே 32 பேர் என்றாலும், அதைப் பெற்றவர்களிடம் இன்சுலினுக்கு உடல் இணங்குவது மேம்பட்டது. ஆக, செத்ததா என்பதைவிட உடல் குலையாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். சொல்லும் அதைச் சொல்லட்டும்.

———

அம்மா,

பின்னுயிரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற சேர்மத்தையும் சிலர் போஸ்ட்பயாட்டிக் என்கிறார்களே, அதற்கு ஏது உடல்? அவித்த இட்லியையும் இதில் சேர்க்கலாமா?

———

ஐயா,

தூய்மையாக்கிய பியூட்டிரேட்டை அந்த வரையறையே விலக்கிவிட்டது. நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது கிடைக்கும் அதற்கு 'குறுந்தொடர் கொழுப்பமிலம்' என்ற பெயர் இருக்கிறது, போதும்.

இட்லியையும் சேர்க்க வேண்டாம். மாவைப் புளிக்கவைத்த லூக்கனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் ஆவியில் மடிந்துவிடும் என்பது சரி. ஆனால் எந்த வகை நுண்ணுயிர், எவ்வளவு, எப்படிக் கொல்லப்பட்டது என்று தெரிந்து, அந்தத் தயாரிப்பின் பயனும் காட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு மாவு நாளுக்கு நாள் மாறும். 'புளிக்கவைத்த உணவு' என்றே எழுதுவோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நலநுண்ணுயிரை ஆய்வகத் தட்டில் வளர்த்து, முளைக்கும் குடியிருப்புகளை எண்ணி 'குடியமைப்பு அலகு' எனக் குறிக்கிறோம். நலநுண்ணுடல் தட்டில் முளைக்காது. அந்த அலகைப் போட்டால் கணக்கு சுழியாகும். செல்களை ஒவ்வொன்றாகக் கருவி வழியே ஓடவிட்டுத்தான் எண்ண வேண்டும். அகராதிப் பதிவில் அலகை 'மொத்தச் செல் எண்ணிக்கை' என்று சேர்த்துவிடுங்கள்.