லேக்கர்ஸ் இறுதிச்சுற்று: 32ஆ, 33ஆ?

சனிக்கிழமை வினாடி வினாவுக்கான எக்செல் அட்டவணையில் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் கணக்கு இடிக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ சொல்வது 32 இறுதிச்சுற்று, 17 கோப்பை. அட்டவணையில் 33, 18.

தோல்விகளை எண்ணியாயிற்று: 15, சரி. அதில் 9 செல்டிக்ஸ் அணியிடம், தலையெழுத்து! லாஸ் ஏஞ்சலஸ் கோப்பைகள் 1972 முதல் 2020 வரை 12, அதுவும் சரி. சிக்கல் அணி முன்பு இருந்த மினியாபொலிஸ் காலத்தில். 1949, 50, 52, 53, 54 என ஐந்துதான் இருக்க வேண்டும்; ஆறாவதாக நிற்பது 1948இல் என்பிஎல் என்ற வேறொரு லீக்கில் வென்ற கோப்பை.

அதை நீக்கினால் கூட்டல் நேராகிறது. ஆனால் 1949 கோப்பையும் என்பிஏவில் அல்ல, பிஏஏ என்ற இன்னொரு லீக்கில் வென்றதுதான். அந்த ஆகஸ்டில் இரு லீக்குகளும் இணைந்தே என்பிஏ ஆனது. பழைய கோப்பைகளில் பிஏஏ கோப்பைகளை மட்டும் என்பிஏ தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது.

1948ஐ அடியோடு நீக்குவதா, கூட்டலில் சேர்க்காமல் தனி வரியாக வைப்பதா?