எட்டாம் வகுப்பு போகும் பையனை இப்போதே ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் சேர்க்கலாமா?

கொருக்குப்பேட்டை அம்மா:
என் பையன் ஜூனில் எட்டாம் வகுப்பு போகிறான். மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. கூட்டல், பெருக்கல் எல்லாம் வேகமாகப் போடுவான். ஆனால் x வந்ததிலிருந்து மார்க் விழுந்துவிட்டது. 3x = 15 என்றால் x = 12 என்று எழுதுகிறான். கேட்டால், "மூணு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்மா" என்கிறான். பக்கத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் இந்த லீவிலேயே ஒன்பதாவது கணக்கை ஆரம்பிக்கலாம், பிற்பாடு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ-க்கு உதவும் என்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். பணம் கட்டலாமா?

ராயபுரம் டியூஷன் அக்கா:
இப்போது கட்டாதீங்கம்மா. உங்கள் பையனுக்குப் புரியாமல் இருப்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம் இல்லை, ஆறாவதும் ஏழாவதும்தான்.

என்னிடம் படிக்கும் காசிமேட்டுப் பையன் ஒருவன். மூன்று கூடை மீன், வண்டி வாடகை 200, எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய், ஒரு கூடை என்ன விலை என்றேன். வாடகையைக் கழித்து மூன்றாகப் பிரித்து 1,200 என்று வாயாலேயே சொல்லிவிட்டான். அதையே 3x + 200 = 3800 என்று போர்டில் எழுதினால் முழிக்கிறான். மூளை வேலை செய்கிறது. எழுத்துக்கும் அவனுக்கும்தான் இன்னும் பழக்கமில்லை. "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற குறுக்குவழியை முதலிலேயே கொடுத்துவிடுவதால் வருகிற வினை இது. இரண்டு பக்கமும் 200-ஐக் கழி, இரண்டு பக்கமும் 3-ஆல் வகு என்று ஒவ்வொரு வரியாக எழுத வையுங்கள். x = 12 என்று எழுதுவது தானாக நின்றுவிடும்.

அவனிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். கட்டத்தில் 12 போட்டால், = என்பதை "விடை இதோ" என்று படிக்கிறான் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சமம் என்பது மனதில் ஏறாமல் எந்தச் சமன்பாடும் ஏறாது. அப்புறம் −7 + 3, −7 − 3 இரண்டையும் கேளுங்கள். ¾ + ⅙ போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் x/2 + x/3 = 10 மாதிரி வரும்போது மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) தெரியாதவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

பெரம்பூர் அப்பா:
எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. என் பெண் அப்படி ஒரு வகுப்பில்தான் படிக்கிறாள், நன்றாகவே போகிறது. ஆனால் அவளுக்குப் பின்னமும் முழுக்களும் (மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள்) தண்ணி பட்ட பாடு. அடிப்படை சரியாக இருந்தால் மட்டும் சேருங்கள். ஒரு தேர்வு வைத்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்ளும் இடம் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அம்மா:
அக்கா, கேட்டுப் பார்த்தேன். கட்டத்தில் 12 தான் போட்டான். −7 − 3 = 10 என்கிறான், இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்ஸாம். பின்னம் சரியாகப் போட்டான். இப்போது எங்கே தொடங்குவது?

ராயபுரம் டியூஷன் அக்கா:
பின்னம் சரி என்பதே பெரிய விஷயம்மா. இரண்டு மைனஸ் எண்கள் சேர்ந்து எப்போதும் பிளஸ் ஆவது பெருக்கும்போதும் வகுக்கும்போதும்தான். 7 ரூபாய் கடன், மேலே இன்னொரு 3 ரூபாய் கடன் வாங்கினால் மொத்தம் எவ்வளவு கடன் என்று கேளுங்கள், 10 ரூபாய் கடன் என்பான். அதுதான் −10. முதலில் ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடம். அது முடிந்ததும் ஆறாம் வகுப்பு முதல் பருவத்துக்குப் போங்கள், "இயற்கணிதம் ஓர் அறிமுகம்" அங்கேதான் இருக்கிறது. புத்தகம் இல்லையென்றால் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தீப்பெட்டி ஒன்றை அவன் கையில் கொடுங்கள். ஒரு முக்கோணத்துக்கு 3 குச்சி, ஒட்டினாற்போல் இரண்டுக்கு 5, மூன்றுக்கு 7. பத்துக்கு எத்தனை என்றால் அடுக்கி எண்ணுவான். நூறு என்று கேளுங்கள். அத்தனை குச்சி இருக்காது, இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் போதும் என்று அவனே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவன் சொன்ன பிறகு, முக்கோணங்களின் எண்ணிக்கையை n என்று வைத்து 2n + 1 என்று எழுதிக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பில் முற்றொருமையும் ((a + b)² = a² + 2ab + b² மாதிரி) காரணிப்படுத்தலும் வருவதற்குள் இதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.