முருங்கை விதை ஆய்வுக்கு எட்டு நிமிட ஸ்லைடுகள்: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, டெல்டா மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர், முருங்கை விதைத் தூளைக் கொண்டு வாய்க்கால் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் ஆய்வொன்றைச் செய்து, மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வாகியுள்ளனர். எட்டு நிமிடம் பேசிவிட்டு நடுவர்களின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அவர்கள் தயாரித்துள்ள ஸ்லைடுகள் 24. நீரின் இன்றியமையாமை, முருங்கையின் மருத்துவ குணங்கள், நன்றியுரை என்று பாதி ஸ்லைடுகள் போய்விடுகின்றன. ஆயினும் எதை நீக்கச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை.

லிட்டருக்கு 50, 100, 150, 200, 300 மில்லிகிராம் என ஐந்து அளவுகளில், ஒவ்வொன்றையும் மும்முறை செய்து பார்த்தனர். அடியில் கறுப்புக் கூட்டல் குறி வரைந்த கண்ணாடிக் குழாயில் நீரை ஊற்றிக்கொண்டே வந்து, குறி மறையும் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறித்தனர். 150 வரை தெளிவு கூடியது. 300-இல் மீண்டும் கலங்கலாகிவிட்டது. அந்தக் கடைசி அளவை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். மேலும், வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்த தமிழ் எழுத்துகள் பள்ளிக் கணினியில் ஆங்கிலக் குறிகளாகத் தெரிகின்றன. இதற்கும் வழி கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. அந்த 300 மில்லிகிராம் முடிவை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்த ஆய்வில் நடுவர்கள் நின்று கவனிக்கக்கூடிய இடமே அதுதான். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு அடியில் படியாமல் நிற்கின்றன. முருங்கை விதையிலுள்ள நேர்மின் சுமை கொண்ட புரதங்கள் அந்தச் சுமையைச் சமன்செய்வதால் துகள்கள் ஒட்டித் திரண்டு படிகின்றன. புரதம் அளவுக்கு மிஞ்சும்போது துகள்களின் மேல் நேர்மின் சுமை மிகுந்து அவை மீண்டும் விலகத் தொடங்கும். கூடுதலாகச் சேர்த்த தூளே நீரைக் கலக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. இவ்விரண்டில் எது காரணம் என்பதை அவர்களுடைய சோதனை பிரித்துக் காட்டாது. ஆகவே இரண்டையும் சாத்தியங்களாகச் சொல்வதே முறை. தூளை நல்ல நீரில் மட்டும் கலந்து பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். நேரமிருந்தால் செய்து பார்க்கட்டும்.

எனவே வரைபடத்தை நடுநாயகமாக வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள். கிடை அச்சில் தூளின் அளவு, செங்குத்து அச்சில் குறி மறையும் உயரம், இரண்டுக்கும் அலகுகள். மூன்று முறையின் சராசரியைப் புள்ளியாகவும், மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவுகளைச் சிறு கோடாகவும் காட்டச் செய்யுங்கள். தூள் சேர்க்காமல் அதே நேரம் வைத்திருந்த நீரின் அளவும் பூச்சியத்தில் ஒரு புள்ளியாக இருக்க வேண்டும். இல்லையெனில், மண் தானாகவே படிந்திருக்காதா என்ற கேள்வி நிச்சயம் வரும்.

மறுமொழி 2: கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர்

மேலே ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். எட்டு நிமிடத்துக்கு எட்டு அல்லது ஒன்பது ஸ்லைடுகளே தாங்கும். நீரின் சிறப்பும் முருங்கையின் மருத்துவ குணமும் இந்த ஆய்வில் சோதிக்கப்படவில்லை. அவற்றை நீக்குவதில் இழப்பேதும் இல்லை. அந்த இடத்தில், மில்லிகிராமை எப்படி அளந்தார்கள் என்பதை ஒரு ஸ்லைடில் காட்டலாம். ஒரு கிராம் தூளை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினால், அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் தூளின் சாறு என்று கணக்கு. பள்ளித் தராசை வைத்துக்கொண்டு இப்படி யோசித்த பிள்ளைகளுக்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன்.

தலைப்புகளில் மட்டும் என் கருத்து சற்று வேறு. ‘முடிவுகள்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘லிட்டருக்கு 150 மில்லிகிராமில் நீர் மிகத் தெளிவாக இருந்தது’ என்று கண்டதையே தலைப்பாக எழுதினால், பின்வரிசையில் இருப்பவருக்கும் புரியும். ஆனால் ‘குடிநீர் தயார்’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 (2012), குடிநீரின் கலங்கல் 1 என்டியூ (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 5 வரை அனுமதிக்கிறது. குழாய்ச் சோதனையால் 1 என்டியூவை அறிய இயலாது. தெளிந்த நீரில் கிருமிகள் இருக்கலாம். கரைந்த உப்புகள் அப்படியே இருக்கும். விதையிலிருந்து நீரில் சேரும் கரிமப் பொருளால், தெளிந்த நீரை நெடுநேரம் வைத்தால் வாடையும் வரும். இவற்றை ‘ஆய்வின் எல்லைகள்’ என்று ஒரே ஸ்லைடில் அவர்களே முன்வைத்துவிட்டால் நடுவர் குறுக்கிட வேலையிராது.

மறுமொழி 3: கணினிப் பயிற்றுநர்

எழுத்துச் சிக்கலுக்குக் காரணம், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பதுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தாகவே தெரியும். எழுத்துருமாற்றி ஒன்றின் வழியே உரையை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, விண்டோஸிலேயே உள்ள நிர்மலா எழுத்துருவில் அமையுங்கள். பவர்பாயின்ட் கோப்புடன் பிடிஎஃப் படி ஒன்றையும் பென்டிரைவில் கொண்டுசெல்லுங்கள். அதில் எழுத்து குலையாது, ஆனால் அசைவுகளும் காணொளியும் ஓடமாட்டா. குறி மறையும் காட்சியைக் காணொளியாக வைத்திருந்தால், அதைத் தனிக் கோப்பாகவும் எடுத்துச் செல்லட்டும். எழுத்தளவு 28-க்குக் கீழே போக வேண்டாம். வரைபடக் கோடுகளுக்குச் சிவப்பையும் பச்சையையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வரைபடத்தை இன்று மாணவியரே கையால் வரைந்து பார்த்தனர். தூள் சேர்க்காத நீரை ஒரே ஒருமுறைதான் அளந்திருக்கிறார்கள். ஆகவே நாளை மீண்டும் அளப்பதாக உள்ளனர். வாய்க்கால் நீர் அன்றிருந்த கலங்கலில் இப்போது இல்லை. பழைய அளவுகளுடன் இதைச் சேர்க்கலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

சேர்க்கக் கூடாது அம்மா. நாளை எடுக்கும் நீரிலேயே தூளில்லாத நீர், 150, 300 ஆகிய மூன்றையும் மும்முறை செய்து, தேதியுடன் தனி வரைபடமாகக் காட்டுங்கள். அங்கும் 300-இல் கலங்கல் திரும்பினால், அதை முதல் வரைபடத்துக்கு அடுத்த ஸ்லைடாக வையுங்கள்.