வாரத்துக்கு எத்தனை நாள் ஏறலாம்? விரல்களுக்கு எவ்வளவு ஓய்வு?

புதுவிரல்:
பாறையேற்றத்துக்கான உட்புறச் சுவரில் ஏற ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் போல்டரிங்தான், அதாவது கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது. ஆரம்பத்தில் மளமளவென்று முன்னேறினேன். இப்போது பல மாதங்களாக ஒரே கிரேடில் (தடத்தின் கடின அளவில்) நிற்கிறேன். வாரம் மூன்று நாள் போகிறேன். ஒவ்வொரு முறையும் பிடியை மூட முடியாமல் போகும்வரை ஏறிவிட்டுத்தான் இறங்குவேன். மறுநாள் காலையில் விரல்கள் விறைத்திருக்கின்றன, முழங்கையின் உள்பக்கம் லேசாக வலிக்கிறது. உடன் ஏறுபவர்களில் ஒருவர் தினமும் வா என்கிறார். இன்னொருவர் இரண்டு நாளாகக் குறை என்கிறார். எதைக் கேட்பது?

செங்குத்து:
நாட்களைக் கூட்டுங்கள், நேரத்தைக் குறையுங்கள். ஏறுவதில் பாதிக்கு மேல் திறமைதான். இடுப்பைச் சுவரோடு ஒட்டி வைப்பது, கால்நுனியில் எடையை ஏற்றுவது, எந்தக் கையை எப்போது விடுவது என்பதெல்லாம் அடிக்கடி செய்தால்தான் உடம்பில் ஊறும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் ஏறினால், கடைசி ஒரு மணி நேரம் களைத்துப்போன உடம்போடு தப்பான அசைவுகளைத்தான் பழகிக்கொள்கிறோம். அதே மொத்த நேரத்தை நான்கைந்து நாளாகப் பிரியுங்கள். ஒரு வருட அனுபவத்தில் நிற்பவர்களை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் கால்வேலைதான். விரல் பலம் அதற்கப்புறம்.

மலைக்குருவி:
தம்பி, நாட்களைக் கூட்டாதீர்கள். காலையில் விரல் விறைப்பது, முழங்கை வலிப்பது இரண்டும் எச்சரிக்கை. தசை சில வாரங்களில் பலமாகிவிடும். தசையை எலும்போடு சேர்க்கும் நாரான டெண்டனும், விரலில் அதை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையங்களான புல்லிகளும் அப்படி இல்லை. ரத்த ஓட்டம் குறைவு. அவை தடித்து உறுதியாக மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். ஏற ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் நிறையப் பேர் விரலைக் கெடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். தசை தயாராகிவிடுகிறது, புல்லி பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2010-இல் எழுதிய ஒரு கட்டுரை டெண்டனுக்குள் நடப்பதைத் தெளிவாகச் சொல்கிறது. கடுமையான சுமைக்குப் பிறகு, டெண்டன் ஆகியிருக்கும் புரதமான கொலாஜன் உருவாவதும் சிதைவதும் இரண்டுமே கூடுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் சிதைவு முந்துகிறது. அதற்குப் பிறகுதான் உருவாவது முந்தி, 72 மணி நேரம்வரை நீடிக்கிறது. அந்த முதல் ஒன்றரை நாளுக்குள் திரும்பவும் முழு பலத்தில் கிரிம்ப் பிடித்தால் (சின்னப் பிடியை விரல்களை மடக்கி நுனியால் பிடிப்பது), கட்டி முடிக்காததை இடிக்கிறோம். கடினமாக ஏறிய நாளுக்கும் அடுத்த கடினமான நாளுக்கும் நடுவில் 48 மணி நேரமாவது வேண்டும். வாரம் மூன்று நாள் போதும், அதிலும் இரண்டுதான் கடினம்.

செங்குத்து:
அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதன் அடிப்படையான அளவீடுகள் பெரும்பாலும் காலின் டெண்டன்களில் எடுத்தவை, அதுவும் கடும் பயிற்சிக்குப் பிறகு. லேசான சுமைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கீத் பார் வேறு பக்கம் காட்டுகிறார். அவருடைய குழு ஆய்வகத்தில் வளர்த்த லிகமென்ட்களை (எலும்போடு எலும்பை இணைக்கும் நார்களை) சோதித்தது. செல்கள் சுமைக்குப் பதில் கொடுப்பது சுமார் பத்து நிமிடம்தான். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் பயன் கூடுவதில்லை. ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பவும் தயாராகின்றன. இந்த அடிப்படையில்தான் ஏறுபவரான எமில் ஆப்ரஹாம்சன், கால்களைத் தரையில் ஊன்றியபடி, லேசான எடையோடு, நாளுக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் ஹேங்போர்டு (விரல் பலத்துக்காகத் தொங்கும் பலகை) பிடிப்பதைப் பரவலாக்கினார். அடிக்கடி, கொஞ்சமாக, வலியில்லாமல் என்பதுதான் என் கட்சி. எல்லா நாளும் முழு பலம் போடும் நாள் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், அங்கேதான் நாம் பிரிகிறோம்.

மலைக்குருவி:
எமில் பல வருடம் ஏறி விரலைப் பக்குவப்படுத்திய பிறகு அதைச் செய்தார். அவர் செய்தது சுவரில் ஏறுவதும் இல்லை. சுமை எவ்வளவு என்பது அவர் கையில் இருந்தது. சுவரில் அப்படி இல்லை. கால் வழுக்கியதும் ஒரு விரலில் மொத்த உடம்பும் விழும். கிரிம்பில், விரலின் அடி எலும்பின்மேல் உள்ள ஏ2 என்ற புல்லிமேல் வரும் விசை, விரல்நுனியில் விழும் சுமையைப் போலப் பல மடங்கு. விரல்களை அதிகம் மடக்காத திறந்த பிடியில் அது வெகுவாகக் குறையும்.

“இன்று லேசாகத்தான் ஏறப்போகிறேன்” என்று வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சூடேறி முடித்ததும் நண்பர்கள் ஒரு புதுப் போல்டரிங் தடத்தை முயன்றுகொண்டிருப்பார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் அன்றும் கடினமான நாளாகிவிடும். எங்கள் குழுவில் ஒருவருக்கு மோதிர விரல் “டப்” என்று சத்தத்தோடு போனது அப்படி ஒரு லேசான நாளில்தான். திரும்பவும் கிரிம்ப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்தார். உங்கள் திட்டம் தாளில் சரி. அதைக் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு புதியவர்களுக்கு வருவது கடினம் என்பதால்தான் நாட்களிலேயே வரம்பு போடச் சொல்கிறேன்.

வெண்தூள்:
நான் நாற்பதைத் தாண்டியவன், பதினான்கு வயது மகளோடு ஏறுகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே அட்டவணை ஒத்துவராது. எனக்குக் கடினமான நாளுக்குப் பிறகு இரண்டு நாள் தேவைப்படுகிறது. அவளுக்கு மறுநாளே தெம்பு வந்துவிடும், ஆனால் விரல் எலும்பின் வளர்ச்சித்தட்டு (எலும்பு நீளமாகும் மென்மையான பகுதி) இன்னும் மூடவில்லை. அந்த வயதில் நடுவிரலின் நடு மூட்டில் வலி வந்தால் அங்கே எலும்பில் விரிசல் இருக்கலாம். அதனால் அவளைக் கேம்பஸ் போர்டு (கால் வைக்காமல் கைகளால் மட்டும் ஏறும் பலகை) பக்கம் விடுவதில்லை. அது வுல்ஃப்காங் கியூலிச் 1988-இல் நியூரம்பெர்கில் தனக்காக அமைத்த கருவி; 1991-இல், உலகின் முதல் 9ஏ கிரேடுத் தடம் என்று பொதுவாகக் கருதப்படுவதை ஏறியவருக்கான சுமை அது.

தூக்கத்தைப் பற்றி இதுவரை யாருமே பேசவில்லை. ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு நான்கு நாள் ஏறுவதைவிட, எட்டு மணி நேரம் தூங்கி மூன்று நாள் ஏறினால் நான் நன்றாக ஏறுகிறேன்.

புதுவிரல்:
வேலை முடிந்து இரவில் ஏறுவதால் என் தூக்கமும் குறைவுதான். அக்கா, முழங்கை வலிக்கு முழு ஓய்வு எடுக்கணுமா?

மலைக்குருவி:
பெரும்பாலும் வேண்டாம். உள்பக்க வலி விரலை மடக்கும் தசைகள் எலும்பில் தொடங்கும் இடத்தில் வருவது. முழுக்க நிறுத்தினால் வலி அடங்கும், திரும்ப ஏறியதும் வரும். இரண்டு வாரம் சுமையைப் பாதியாகக் குறையுங்கள். சின்ன டம்பெல்லை உள்ளங்கை மேல்நோக்கிப் பிடித்து, மணிக்கட்டால் மெதுவாக இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். குறையாவிட்டாலோ, விரலில் சத்தம் கேட்டு வீங்கினாலோ, கைக் காயங்கள் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள்.

செங்குத்து:
இதில் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் தம்பியின் உண்மையான சிக்கல் நாட்களின் எண்ணிக்கையில் இல்லை. பிடியை மூட முடியாமல் போகும்வரை ஏறுவதில்தான் இருக்கிறது. பலம் இறங்க ஆரம்பித்ததும் நிறுத்தணும். முந்தைய முயற்சியில் எட்டிய பிடியை இரண்டு முறை தொடர்ந்து எட்ட முடியவில்லையென்றால் அன்றைய கடின வேலை முடிந்தது. கடினமான முயற்சிகளுக்கு நடுவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். இதைச் செய்தால் நான்காவது நாள் தானாகவே சாத்தியமாகும்.

மலைக்குருவி:
முதல் பாதி முழுக்கச் சரி. நான்காவது நாளை முழங்கை வலி போன பிறகு பேசுவோம்.

புதுவிரல்:
சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். செவ்வாய், சனி கடினம், ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுவேன். வியாழன் பெரிய பிடிகளில் கால்வேலை மட்டும், கிரிம்ப் கிடையாது.

செங்குத்து:
வியாழனன்று போல்டரிங் பகுதிக்கே போகாதீர்கள். கயிற்றுச் சுவரில் சுலபமான தடங்களை எடுத்து, ஒவ்வொரு காலையும் சத்தம் வராமல் வைக்கப் பாருங்கள். நண்பர்கள் கூப்பிட்டாலும் கட்டின கயிற்றோடு வர முடியாது.

மலைக்குருவி:
இது நல்ல வழி. நான்காவது வாரம் சனிக்கிழமையையும் விட்டுவிடுங்கள்.

செங்குத்து:
அங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். சனிக்கிழமையும் தம்பி ஏறட்டும், முயற்சிகளைப் பாதியாகக் குறைத்தால் போதும்.