டீயில சர்க்கரையை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு, ரிப்போர்ட்ல கூடித்தான் இருக்கு. எங்க கோட்டை விடுறேன்?

சிவகாசி அச்சுக்காரன்:
வணக்கம். வயசு 44. ஆஃப்செட் அச்சகத்துல வேலை, இப்ப காலண்டர் சீசன். ஆடியில டெஸ்ட் எடுத்தப்ப எச்பிஏ1சி (ரத்தத்துல சர்க்கரையோட சராசரியைக் காட்டுற டெஸ்ட்) 6.1. மாத்திரை இப்ப வேண்டாம், சாப்பாட்டைச் சரிபண்ணிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்கே வெள்ளைச் சர்க்கரை டப்பாவை வீட்டைவிட்டு அனுப்பியாச்சு. போன வாரம் மறுபடி பார்த்தா 6.3!

என் ஒருநாள் கணக்கு இதுதான். காலைல கேழ்வரகுக் கஞ்சி, ரெண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. பத்தரைக்கும் நாலுக்கும் சர்க்கரை போடாத டீ. அது வெறுமனே தொண்டையில இறங்க மாட்டேங்குது, அதனால ஒவ்வொரு டீக்கும் நாலு மாரி பிஸ்கட். மதியம் சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஆறு மணிக்கு கருப்பட்டிக் காப்பி. ராத்திரி ஆறு இட்லி. தீபாவளிக்கே ஒரு அதிரசம்தான் தின்னேன். "நீங்க சர்க்கரையை விட்டீங்க, அது உங்களை விடலை"ன்னு வீட்டுக்காரி சிரிக்கிறா. இதுக்கு மேல எதை விடுறது?

தேனி மல்லிகா:
தம்பி, மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கூத்துதான் அடிச்சேன். மொதல்ல அந்த பிஸ்கட்டை எடுங்க. டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 8, 10 கிராம். ஒரு மாரி பிஸ்கட்ல மாவும் சர்க்கரையுமா சுமார் 4 கிராம் மாவுச்சத்து இருக்கு. நாலு தின்னா 16. பத்தைத் தள்ளிட்டு பதினாறை உள்ள விட்டிருக்கீங்க, அதுவும் தினம் ரெண்டு வேளை.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் ருசிக்குச் சரி. ரத்தத்துக்குப் போனா எல்லாமே சர்க்கரைதான். மாவுச்சத்தும் அப்படித்தான்: குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். நாக்குல இனிக்காது, குடலுக்குப் போனதும் சரம் அறுந்து மணியாக் கொட்டும். ஒரு இட்லியில 8 முதல் 10 கிராம். ஆறுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க.

கேழ்வரகு விஷயத்துல நானே ஏமாந்தேன். குளுக்கோமீட்டர் வாங்கி ரெண்டு வாரம் விரலைக் குத்திக் குத்தி நோட்டுல எழுதினேன். கஞ்சி குடிச்சு ஒரு மணி நேரத்துல ரத்தச் சர்க்கரை 196. அதே மாவுல முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடை, கூட ஒரு முட்டை சாப்பிட்ட அன்னைக்கு 148. தானியம் ஒண்ணுதான். ஆனா நைசா அரைச்சுக் கஞ்சியாக் கரைச்சுட்டா ஜீரணத்துக்கு வேலையே இல்ல, விறுவிறுன்னு ஏறிடும். உங்க உடம்புக்கு நம்பர் வேற வரலாம், ஒருதரம் குத்திப் பாருங்க.

சோத்தை நான் விடல. விட்டா எட்டே நாள்ல திரும்ப வந்து ரெண்டு மடங்கு தின்போம், அனுபவத்துல சொல்றேன். சின்ன சில்வர் கிண்ணம் ஒண்ணு வச்சிருக்கேன், 150 கிராம் சாதம் பிடிக்கும். அதுலயே 40 கிராமுக்கு மேல மாவுச்சத்து. ஒரு வேளைக்கு அந்தக் கிண்ணம் ஒண்ணுதான்; குழம்பு, ரசம், மோர் மூணுக்கும் அதையே பிரிச்சுக்குவேன். ஆனா தட்டுல மொதல்ல விழுறது அவரைக்காயோ புடலங்காயோ, ரெண்டு கரண்டி. அதையும் சுண்டலையும் பாதி தின்ன பிறகுதான் சோத்துல கை வைப்பேன். உருளைக்கிழங்கு உங்களுக்குக் காய்க் கணக்கு, எனக்குச் சோத்துக் கணக்கு.

லேப் தம்பி:
அண்ணே, ஒரு சின்ன ஆறுதல். 6.1க்கும் 6.3க்கும் நடுவுல மெஷின் வித்தியாசமே கொஞ்சம் இருக்கும். ரெண்டு தடவையும் ஒரே லேப்தானா? ரத்தத்துல இரும்புச்சத்து குறைவா இருந்தாலும் எச்பிஏ1சி கூடுதலாக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்க. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முன்நிலைன்னுதான் சொல்வாங்க, அதனால இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறீங்க. எச்பிஏ1சி ஏறக்குறைய மூணு மாசத்துக் கணக்கு, வாராவாரம் எடுத்துக் காசைக் கரைக்காதீங்க.

இன்னொண்ணு, இங்க படிக்கிற மத்தவங்களுக்கு. இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்குற மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சோத்தைப் பாதியாக் குறைக்காதீங்க. எங்கப்பா அப்படிப் பண்ணி, சர்க்கரை ரொம்ப இறங்கி, பஸ் ஸ்டாண்ட்ல வேர்த்துக் கொட்டி உக்காந்துட்டார். கடைக்காரர் கொடுத்த சர்க்கரைத் தண்ணிதான் காப்பாத்துச்சு.

பழையசோறு:
உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குல சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லது. தேனும் பழச்சாறும் அதுல சேரும், சோறும் இட்லியும் சேராது. அதனாலதான் "நான் சர்க்கரையே தொடல"ன்னு நம்மாளுங்க தைரியமா அஞ்சாவது தோசையைப் புரட்டுறாங்க.

நான் பண்ணினது ஒண்ணுதான்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தெருவை நாலு சுத்து. நடக்கும்போது தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கும். அச்சுக்காரர் மெஷின்கிட்ட நிக்கிறதை இதுல சேர்க்க வேண்டாம்!

சிவகாசி அச்சுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மல்லிகாக்கா, அந்த பிஸ்கட் கணக்கைப் பார்த்துட்டு வீட்டுக்காரி இன்னும் சிரிச்சு முடிக்கல. மெஷின் ரூம்ல இப்ப வறுகடலை டப்பா வச்சிருக்கேன், டீக்கு ஒரு பிடி. ராத்திரி மூணு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாருல காய் நிறைய. மொத ரெண்டு நாள் பத்து மணிக்குப் பசிச்சது, இப்ப இல்ல. கருப்பட்டிக் காப்பியை மட்டும் ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கிட்டேன், அதை விட மனசு வரல.

ஒரே ஒரு சந்தேகம். ஊர்ல இருந்து மாமியார் ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு அனுப்பியிருக்காங்க. இது காயா, சோறா?

தேனி மல்லிகா:
சோறு தம்பி. அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் கொடுத்துடுங்க.